கல்லூரி இரண்டு மடங்கான வருடங்களில் முதல்வர் மேடம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வேதியியல் துறை, ஓய்வுபெற்ற பேராசிரியர்

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். பாராட்டு மலரில் புதுக் கட்டடங்களின் படங்களும் அடிக்கல் நாட்டிய தேதிகளும் வரும். வரட்டும், அவையும் வேண்டியவைதான். ஆனால் கல்லூரி மளமளவென்று பெருகிய அந்த வருடங்களில் உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த சில விஷயங்கள் எந்த மலரிலும் ஏறாது. அவரோடு பழகியவர்கள், அவரோடு சண்டை போட்டவர்கள், எல்லோரும் எழுதினால் நல்லது. நான் தொடங்கிவைக்கிறேன்.

இளநிலை வேதியியலில் இரண்டு பிரிவாக இருந்ததை மூன்றாக்குவது என்று நிர்வாகக் குழு முடிவெடுத்திருந்தது. விண்ணப்பங்கள் குவிந்துகிடந்தன. புதுத் தளத்தில் வகுப்பறைகளும் தயார். காகிதத்தில் பார்த்தால் தடையே இல்லை. ஆய்வகம் போதாது என்று துறையிலிருந்து எழுதிக் கொடுத்தோம். அப்படியொரு கடிதத்தை எல்லாத் துறையும்தான் கொடுக்கும், அதனால் பெரிதாக எதுவும் எதிர்பார்க்கவில்லை.

ஒருநாள் கரிம வேதியியல் பிராக்டிகல் நடந்துகொண்டிருக்கும்போது மேடம் தனியாக உள்ளே வந்தார். "நீங்க வகுப்பை நடத்துங்க சார், நான் ஓரமா நின்னுக்கிறேன்" என்றார். சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். பிராக்டிகல் முடியும்வரை அங்கேயே இருந்தார்.

அன்று ரிஃப்ளக்ஸ் வைத்திருந்தோம். குடுவையில் கரைப்பான் கொதிக்கும். மேலே நிற்கும் கண்டென்சரைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஆவி மறுபடி திரவமாகிக் கீழே சொட்டும். தண்ணீர் நின்றால் ஆவி நேரே அறைக்குள் வந்துவிடும். எளிதில் தீப்பற்றும் கரைப்பானாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேடம் எங்கள் யாரையும் கேட்கவில்லை. கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்த லேப் அட்டெண்டரிடம் போய், "அண்ணே, இன்னொரு பேட்ச் சேர்த்தா இங்க முதல்ல எது தாங்காது?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்ததும், "தண்ணிதாம்மா" என்றார். கடைசி மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எல்லா வரிசையிலும் குழாயைத் திறந்தால் அந்த மேசைக்கு வரும் தண்ணீர் நூலாக மெலிந்துவிடும். அதனால் அங்கே நிற்கும் மாணவர்களை அவர் கடைசியாகத்தான் அடுப்பைப் பற்றவைக்க விடுவார். முன்வரிசை முடித்துக் குழாயை மூடியதும் இவர்களுக்குக் கை காட்டுவார். வருடக்கணக்காக அந்த ஆய்வகத்தில் விபத்து நடக்காமல் இருந்ததற்கு அந்தக் கைச் சைகை ஒரு காரணம். சதுர அடிக் கணக்கில் அது வரவே வராது.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் துறைத் தலைவராக நானும் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் பிரிவை ஒரு வருடம் தள்ளிவைக்க வேண்டும் என்றார் மேடம். அரங்கத்தின் முகப்புக்கு ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்து, ஆய்வகத்துக்குத் தனி மேல்நிலைத் தொட்டி, தனிக் குழாய், நச்சு ஆவியை வெளியே இழுத்துவிடும் கூடுதல் ஃபியூம் ஹூட், இரண்டாவது வெளிவாசல் ஆகியவற்றுக்குக் கேட்டார். "வர்ற பிள்ளைங்களை வேண்டாம்னு சொல்றதா?" என்று ஓர் உறுப்பினர் கொஞ்சம் சூடாகவே கேட்டார். "வேண்டாம்னு சொல்லலை சார். இடம் தயாரானதும் கூப்பிடுறோம். கூப்பிட்டுட்டு அப்புறம் இடம் தேடினா, தேடுற வருஷத்துல படிக்கிற பிள்ளைங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்றார். குரல் உயரவே இல்லை.

அந்த ஒரு வருடத்துக்கு அவர் கொடுத்த விலை சாதாரணமில்லை. கட்டண வரவு குறைந்தது. வேறு செலவுகளை வெட்டித்தான் அதை ஈடுகட்ட வேண்டியிருந்தது. புதுப் பணியிடம் வரும் என்று காத்திருந்த எங்கள் துறை இளைஞர்கள் சிலர் அவர்மேல் கோபப்பட்டார்கள். பக்கத்தில் உள்ள கல்லூரிகள் பெருகும்போது நாம் மட்டும் தயங்குகிறோம் என்று வெளியே பேச்சு வந்தது. அவர் யாரிடமும் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஒரு தலைவரிடம் நான் மிகவும் மதிப்பது இந்தத் துணிச்சலைத்தான்.

முன்னாள் அலுவலகக் கண்காணிப்பாளர்

சார் லேபைப் பற்றி எழுதினார், நான் ஆபீஸைப் பற்றி எழுதுகிறேன். கல்லூரி பெருகுகிறது என்றால் எல்லோருக்கும் வகுப்பறைதான் கண்ணில் படும். எங்களுக்கு அது வரிசை எண்ணில் வந்தது.

எங்கள் பதிவெண்ணில் சேர்ந்த வருடத்துக்கு இரண்டு இலக்கம், பாடப்பிரிவுக்கு ஓர் எழுத்து, ஆளுக்கு மூன்று இலக்கம். மூன்று இலக்கம் 999 வரைதான் போகும். கலைப் பிரிவுகள் எல்லாம் ஒரே எழுத்தின்கீழ் இருந்ததால், சேர்க்கை கூடிய இரண்டாவது வருடமே அந்த எல்லை நெருங்கிவிட்டது. ஓர் இலக்கத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்பார்கள். பதிவேட்டுக் கட்டம், மதிப்பெண் மென்பொருள், நூலக அட்டை, விடைத்தாள் முகப்பு, பழைய சான்றிதழோடு ஒப்பிடும் முறை என்று எல்லாமே அந்த எண்ணைப் பிடித்துத்தான் ஓடின. ஓரிடத்தில் மாற்றி இன்னோரிடத்தில் மறந்தால் ஒருவர் மதிப்பெண் இன்னொருவருக்குப் போய்விடும்.

இதை மேடத்திடம் சொல்லப் போனபோது, ஆபீஸ் சமாசாரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். தேர்வுப் பிரிவு, நூலகம், கணினிப் பிரிவு மூன்றையும் ஒரே மேசைக்கு வரவழைத்து, மாற்றம் முடியும்வரை வாரம் ஒருமுறை கூடவே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்திருந்ததால்தான் மற்றவர்களும் தங்கள் உதவியாளரை அனுப்பாமல் நேரில் வந்தார்கள்.

இன்னொன்று. அப்போது எந்தச் சான்றிதழ் என்றாலும் முதல்வர் கையெழுத்து வேண்டும். மாணவர் குறைவாக இருந்த காலத்தில் அது சரி. கூட்டம் கூடியபின் மேடத்தின் மேசையில் கோப்பு மலையாகக் குவிந்தது. அவர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போனால் பிள்ளைகள் ஜன்னலில் காத்துக் கிடப்பார்கள். எங்கள் ஒவ்வொருவரையும், ஒரு விண்ணப்பம் வந்தால் முதலிலிருந்து கடைசிவரை நாம் என்ன செய்கிறோம் என்று எழுதித் தரச் சொன்னார். படித்துப் பார்த்துவிட்டு, படிப்புச் சான்றிதழ் போன்ற அன்றாடச் சான்றிதழ்களுக்குத் தன் கையெழுத்தே தேவையில்லை என்று துணை முதல்வருக்கும் எனக்கும் பிரித்துக் கொடுத்தார். எனக்குப் பயமாக இருந்தது. "தப்பு நடந்தா மேடம்?" என்று கேட்டேன். "எழுத்துல அதிகாரம் கொடுத்திருக்கேன். தப்பு நடந்தா அதுக்குப் பதில் சொல்ற பொறுப்பு என்னுதுதான்" என்றார். அப்படியே எழுதியும் கொடுத்தார். அந்தத் தாளின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் பெரும்பாலான மேலதிகாரிகள் விரும்புவார்கள். வேலை கூடும்போது எதை விட்டுக்கொடுப்பது என்று உட்கார்ந்து யோசித்தவரை நான் என் பணிக்காலத்தில் வேறு பார்க்கவில்லை.

இயற்பியல், பழைய மாணவி

நாங்கள் படித்த வருடங்கள் முழுக்கத் தூசியும் இரைச்சலும்தான். புதுப் பிளாக்கின் அடித்தளத்துக்காகத் தூண்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் பைலிங் வேலை நடந்தபோது கரும்பலகையே அதிரும். செமஸ்டர் தேர்வு நேரத்திலும் அது நிற்காது என்று தெரிந்ததும் வகுப்புப் பிரதிநிதியாக நான் போய்ப் பேசினேன். வாரத்தில் ஒரு மதியம் மாணவர் யார் வேண்டுமானாலும் அவரைப் பார்க்கலாம், முன் அனுமதி வேண்டாம்.

நான் கேட்டது, தேர்வு முடியும்வரை வேலையை முழுக்க நிறுத்த வேண்டும் என்று. முடியாது என்று நேராகச் சொன்னார். நிறுத்தினால் ஒப்பந்தத்தில் என்ன ஆகும், அடுத்த வருடம் வரும் மாணவர்களுக்கு அறை இல்லாமல் என்ன ஆகும் என்று, ஏதோ சக ஊழியருக்குச் சொல்வது மாதிரி எனக்குச் சொன்னார். தேர்வு நடக்கும் மணி நேரங்களில் மட்டும் பைலிங் இருக்காது, அந்த நேரத்தில் கம்பி கட்டுவது போன்ற சத்தமில்லாத வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன் என்றார். அப்படியே நடந்தது. கேட்டது பாதிதான் கிடைத்தது. ஆனால் மற்றப் பாதி ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. பதினெட்டு வயதில் ஒரு பெரிய பதவியில் இருப்பவர் என்னை அப்படி மதித்துப் பேசியது அதுதான் முதல்முறை.

மணிக்கணக்கு ஊதியத்தில் பணியாற்றியவர்

மேலே எழுதியிருப்பது எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வளர்ச்சியை யார் தோளில் தூக்கினார்கள் என்று கேட்டால், என்னைப் போன்றவர்கள் என்றுதான் சொல்வேன்.

மாணவர் எண்ணிக்கை கூடிய வேகத்தில் நிரந்தரப் பணியிடம் கூடவில்லை. இடைவெளியை மணிக்கணக்கில் சம்பளம் வாங்கிய நாங்கள் அடைத்தோம். வகுப்பெடுக்கும் நேரத்துக்குத்தான் காசு. விடைத்தாள் திருத்துவது, சந்தேகம் கேட்க வரும் பிள்ளைகளோடு உட்காருவது, கேள்வித்தாள் தயாரிப்பது எதுவும் கணக்கில் வராது. விடுமுறை வந்தால் வருமானம் இல்லை. அடுத்த செமஸ்டரில் வேலை இருக்குமா என்பது வகுப்பு தொடங்குவதற்குச் சில நாள் முன்னால்தான் தெரியும்.

நாங்கள் சிலர் சேர்ந்து மேடத்தைப் பார்த்தோம். அவர் பூசி மெழுகவில்லை. "எல்லாருக்கும் நிரந்தரம் வாங்கித் தர்றேன்னு சொன்னா அது பொய்யாயிடும்" என்றார். பிறகு சில விஷயங்களைச் செய்தார். உட்கார இடம் கிடைத்தது, பூட்டு வைத்த அலமாரி கிடைத்தது. அடுத்த செமஸ்டருக்கு யார் யார் என்பதை நடப்புச் செமஸ்டர் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும் என்று துறைகளுக்கு உத்தரவு போட்டார். திருத்தும் பணிக்குத் தனி ஊதியம் வந்தது. பணியிடங்கள் சில, வெகு சில, நிரந்தரமாயின.

என் பணியிடம் ஆகவில்லை. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். தண்ணீர்த் தொட்டி இல்லாமல் ஒரு பிரிவைத் தொடங்க மாட்டேன் என்று நிர்வாகக் குழுவில் நின்றவர், நிரந்தர ஆசிரியர் இல்லாமல் தொடங்க மாட்டேன் என்று அதே உறுதியோடு ஏன் நிற்கவில்லை? இந்தக் கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது. அவர்மேல் மரியாதை இருப்பதால்தான் கேட்கிறேன்.

உயர்கல்வி நிர்வாகம் படிப்பவர், பழைய மாணவர்

மணிக்கணக்கு ஊதியம் பற்றி எழுதியவரின் கேள்வி என்னை இரண்டு நாளாக விடவில்லை. என் ஆய்வே இந்த விஷயத்தில்தான் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மார்ட்டின் டிரோ என்ற அமெரிக்க அறிஞர் 1973-ல் ஒரு வகைப்பாட்டைச் சொன்னார். கல்லூரி வயதில் இருப்பவர்களில் 15 விழுக்காடு வரை படிக்க வந்தால் அது மேட்டுக்குடிக் கல்வி, 15 முதல் 50 வரை வெகுமக்கள் கல்வி, 50-ஐத் தாண்டினால் அனைவருக்குமான கல்வி. எல்லை எண்கள் தோராயமானவைதான். முக்கியமானது அவர் எடுத்துக்காட்டிய உராய்வு. மாணவர் கூடியபின்னும் கல்லூரி தன் பழைய பழக்கங்களோடு ஓடப் பார்க்கும், பாடத்திட்டம் முதல் நிர்வாகம் வரை அங்கங்கே பிடித்துக்கொள்ளும். கண்காணிப்பாளர் ஐயா எழுதிய கையெழுத்துக் கதை அதற்கு அப்பட்டமான உதாரணம். சிறிய கல்லூரிக்குப் பொருந்திய வழக்கம், பெரிய கல்லூரியில் பிள்ளைகளை ஜன்னலில் நிற்கவைத்தது.

வெளியே பெயரெடுத்த தலைவர்களைப் பார்த்தாலும் இதே நெருக்கடிகள்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் படிப்பதற்கு 1944-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தபோது, சிரக்கூஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த வில்லியம் டோலி கதவை அகலத் திறந்துவிட்டார். சில வருடங்களுக்குள் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ மும்மடங்கானது. தற்காலிகக் கொட்டகைகளிலும் டிரெய்லர்களிலும் தங்கிப் படித்தார்கள். நம் மேடம் இடம் தயாராகட்டும் என்றார், டோலி முதலில் வரட்டும் என்றார். போரிலிருந்து வந்தவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாத நேரம் அது, அவருடைய முடிவையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

கிளார்க் கெர் 1958-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1960-ல் வந்த மாநில உயர்கல்விப் பெருந்திட்டத்தில் அவர் பங்கு பெரியது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரிகள் என்று வளர்ச்சியை முன்கூட்டியே பங்கிட்டார்கள். 1965-ல் திறந்த சான்டா குரூஸ் வளாகத்தைச் சிறு சிறு கல்லூரிகளின் தொகுப்பாக அமைத்தார்கள், பெரிதானாலும் மாணவருக்குச் சிறிய இடத்தில் இருக்கும் உணர்வு வேண்டும் என்று. இவ்வளவு யோசித்தவர் காலத்தில்தான் 1964-ல் அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேச்சுரிமைப் போராட்டம் வெடித்தது. தங்களை எண்களாக நடத்துகிறார்கள் என்பது மாணவர்களின் குறைகளில் ஒன்று. 1967 ஜனவரியில் ஆட்சிக் குழு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாணவர் நேரில் வந்து பேச ஒரு வாசல் வேண்டும் என்று இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும். இயற்பியல் மாணவி எழுதிய அந்த மதிய நேரத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

தியோடர் ஹெஸ்பர்க் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தை 1952 முதல் 1987 வரை, 35 வருடம் நடத்தினார். 1967-ல் பாதிரிமார் சபையின் கையில் இருந்த நிர்வாகத்தைப் பொதுமக்களும் பாதிரிமார்களும் சேர்ந்த குழுவுக்கு மாற்றினார். 1972-ல் இளநிலைப் படிப்பில் பெண்கள் சேர்ந்தார்கள். தன் சபையின் கையில் இருந்த அதிகாரத்தை விட்டுக்கொடுத்த வளர்ச்சி என்பதால் இதைச் சொல்கிறேன்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். என் பார்வையில், கட்டடமும் குழாயும் ஒரே ஒரு முறை செய்யும் செலவு. ஒரு வருடப் பட்ஜெட்டில் சண்டை போட்டு வாங்கிவிடலாம். நிரந்தர ஆசிரியர் பணியிடம் என்பது இருபத்தைந்து, முப்பது வருடத்துக்கான வாக்குறுதி. சேர்க்கை நாளை குறைந்தாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதனால் எந்த நிர்வாகக் குழுவும் அதில்தான் கையை இறுக்கும். உலகத்தில் பல நாடுகளில் வளர்ச்சி தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டே நடந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேடத்தின் கையில் இருந்த பலம் அந்த இடத்தில் குறைவு. அது காரணம்தான், நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் எங்கள் வகுப்பு நடந்தது. எங்களுக்கு நீங்கள் நன்றாகவே சொல்லிக் கொடுத்தீர்கள்.

கட்டுமான மேற்பார்வைப் பொறியாளர்

சுருக்கமாக ஒன்று. வேலை முடிந்து சாவி கொடுக்கும் நாளில் பெரும்பாலும் திறப்பு விழாவைப் பற்றித்தான் பேச்சு இருக்கும். மேடம் வரைபடம் கேட்டார். அனுமதிக்குக் கொடுத்த வரைபடம் வேண்டாம், உண்மையில் குழாயும் மின்கம்பியும் எந்தச் சுவருக்குள், எந்தத் தரைக்கடியில் ஓடுகின்றன என்று காட்டும் வரைபடம் வேண்டும் என்றார். கட்டும்போது பத்து இடத்தில் மாற்றியிருப்போம், அதை எல்லாம் வரைந்து முடிக்க நேரம் பிடித்தது. அது கைக்கு வரும்வரை கடைசித் தவணைக்குக் கையெழுத்துப் போடவில்லை. அப்போது எங்களுக்கு எரிச்சல்தான். பிற்பாடு ஒரு கசிவைத் தேடி அங்கே போனபோது, பராமரிப்பு ஊழியர் அந்த வரைபடத்தை விரித்து ஒரே இடத்தில் உடைத்துச் சரிசெய்தார். வேறு இடங்களில் ஒரு கசிவுக்காகச் சுவர் முழுக்கக் கொத்திப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தற்போது பணியாற்றும் உதவிப் பேராசிரியர்

நான் மேடத்தின் கடைசிக் காலத்தில்தான் சேர்ந்தேன். நேர்முகத் தேர்வில், "உங்க பாடத்தைத் தவிர இந்த வளாகத்துல எதைக் கவனிச்சீங்க?" என்று கேட்டார். படிக்கட்டுகளில் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பதைச் சொன்னேன். நூலகத்தில் இருக்கை போதவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது நினைவிருக்கிறது. அடுத்த ஆண்டு நூலகத்தின் வாசிப்புக் கூடம் விரிந்தது.

இதை எழுத இன்னொரு காரணம் உண்டு. மறுபடி ஒரு புதுப் பிளாக் வரப்போகிறது, கட்டடக் குழுவில் என் பெயரையும் போட்டிருக்கிறார்கள். வரைவுத் திட்டத்தைப் படித்தேன். இருக்கை எண்ணிக்கை இருக்கிறது, தண்ணீர், மின்சாரம், தீயணைப்பு எல்லாம் இருக்கிறது. ஆசிரியர் பணியிடங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன். மேடம் காலத்தில் அந்தச் சில பணியிடங்களை நிரந்தரமாக்கியபோது நிர்வாகக் குழுவுக்கு என்ன கணக்குக் காட்டினார், எந்தத் துறைகளை முன்னால் வைத்தார், எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். கண்காணிப்பாளர் ஐயா, பழைய தீர்மானப் புத்தகம் எந்த அறையில் இருக்கும் என்று சொன்னால் நானே போய்த் தேடிக்கொள்கிறேன்.